க்ரீன் டீ குடிக்கிறீங்களா? டைமிங் முக்கியம் பாஸ்! - ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கான கைடு

விடிகாலை நேரத்தில் செம்பரம்பாக்கம் வழியாக சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போயிருக்கிறீர்களா? பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரைக்கும் வரிசையாகக் கம்பெனி பஸ்கள்தான். ஒரு பஸ்ஸில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எதிரே போகும் பஸ்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர்கள் அரைத்தூக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டு பஸ்ஸுக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு இருக்கு. டீ!

கேன்டீன் டீ, பிரேக் டீ, பஸ் ஸ்டாப் டீ என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் இப்போது க்ரீன் டீயும் சேர்ந்துவிட்டது. ‘வெயிட் குறையும்’, ‘முகம் பளபளக்கும்’, ‘தொப்பை கரையும்’ என்று ரீல்ஸ் சொல்கிறது. ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கி வைக்கிறோம். காலையில் டிபனுக்குப் பதிலாக ஒரு கப், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கப், நைட் ஷிப்ட்டில் கண்ணைச் சொக்கும்போது ஒரு கப்.

க்ரீன் டீ நல்ல பானம்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், மேலே சொன்ன அந்த மூன்று கப்புமே தப்பான நேரத்தில் குடிக்கப்படுபவை. அது ஏன், க்ரீன் டீ உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது, எப்போது குடிக்கலாம்... எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஒரே செடி, ரெண்டு டீ

முதலில் ஒரு சின்ன ஆச்சர்யம். க்ரீன் டீக்கு என்று தனிச் செடி கிடையாது. நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீத்தூளும் க்ரீன் டீயும் ‘கேமெல்லியா சைனென்சிஸ்’ என்ற ஒரே செடியின் இலைகள்தான். வித்தியாசம் தொழிற்சாலையில் நடக்கிறது.

பறித்த இலையை வாடவிட்டு, கசக்கி, காற்றுபட வைத்தால் அது ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து கறுத்துப்போகும். நறுக்கி வைத்த ஆப்பிளோ வாழைக்காயோ கறுக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அதேபோலத்தான். அதைக் காயவைத்தால் நம்ம வழக்கமான டீத்தூள். க்ரீன் டீக்கு, பறித்த கொஞ்ச நேரத்திலேயே இலையை ஆவியிலோ சூடான பாத்திரத்திலோ காட்டி, கறுக்கவைக்கும் நொதியை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இலை பச்சையாகவே இருக்கிறது. ‘கேட்டசின்’ என்ற சத்துக்களும் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன.

நம்ம நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலும் க்ரீன் டீ தயாராகிறது. ஆனால் க்ரீன் டீ ஆராய்ச்சியின் தாய்வீடு என்றால் ஜப்பான்தான். 1929-ல் க்ரீன் டீயிலிருந்து கேட்டசினைப் பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா. பெண்களை மாணவிகளாகவே பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலத்தில் சம்பளம் இல்லாத உதவியாளராக ஆய்வுக்கூடத்தில் நுழைந்தவர். 1932-ல் ஜப்பானின் முதல் பெண் வேளாண் டாக்டர் பட்டதாரி ஆனார். அடுத்த முறை டீ பேக்கை முக்கும்போது அவரை ஒரு செகண்ட் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கப்புக்குள்ளே என்ன இருக்கு?

* கேட்டசின்கள்: உடலில் செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளை மட்டுப்படுத்தும் ஆன்டிஆக்ஸிடன்ட் வகை. இதில் முக்கியமானது இ.ஜி.சி.ஜி. அந்த லேசான துவர்ப்புக்குக் காரணமும் இவைதான்.
* காஃபீன்: ‘க்ரீன் டீயில் காஃபீன் இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. ஒரு பெரிய கப்பில் சுமார் 20 முதல் 45 மில்லிகிராம். ஃபில்டர் காபியைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை.
* எல்-தியானைன்: டீ இலைக்கே உரிய ஓர் அமினோ அமிலம். காஃபீன் தரும் படபடப்பு இல்லாமல் மனதை நிதானமாக வைக்க உதவக்கூடியது.

சர்க்கரை, பால் சேர்க்காத ஒரு கப் க்ரீன் டீயில் கலோரி கிட்டத்தட்ட இல்லை. அது ஏன் முக்கியம் என்று அடுத்து பார்ப்போம்.

உண்மையான நன்மைகள்

1. சர்க்கரை மிச்சம்: நம்மைப் போன்றவர்களுக்கு நம்பர் ஒன் நன்மை இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 8 முதல் 10 கிராம். ஒரு ஷிப்ட்டில் நாலு டீ என்றால் 32 முதல் 40 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, வேறு எந்த ஸ்வீட்டும் தொடாமலேயே டீயிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். நாலில் ரெண்டை சர்க்கரை இல்லாத க்ரீன் டீயாக மாற்றினாலே பாதி சர்க்கரை காலி.

2. இதயம்: ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 40 முதல் 79 வயது வரையிலான 40,530 பேரை 11 ஆண்டுகள் கவனித்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. தினமும் 5 கப் அல்லது அதற்கு மேல் க்ரீன் டீ குடித்தவர்களில் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள், ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிடக் குறைவு. பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ரெண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. அங்கே ஒரு கப் என்பது சுமார் 100 மில்லி, நம்ம மக் அளவு அல்ல. ரெண்டாவது, அவர்களுடைய சாப்பாடு, வாழ்க்கைமுறை எல்லாமே வேறு. டீ மட்டும்தான் காரணம் என்று இந்த வகை ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது.

3. கொலஸ்ட்ரால்: 14 பரிசோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், க்ரீன் டீ எடுத்துக்கொண்டவர்களுக்கு மொத்த கொலஸ்ட்ரால் சராசரியாக 7 புள்ளிகளும், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனும் எல்.டி.எல் 2 புள்ளிகளும் குறைந்திருந்தன. குறைகிறது என்பது உண்மை. ஆனால் கொஞ்சமாகத்தான். கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு மாற்றாக நினைத்துவிட வேண்டாம்.

4. கவனம்: காஃபீனும் எல்-தியானைனும் சேரும்போது கவனம் சற்றுக் கூர்மையாவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் கொடுக்கப்பட்ட அளவு பெரும்பாலும் ஒரு கப்பில் இருப்பதைவிட அதிகம். ஆனாலும், லைனில் நிற்பதற்கு முன்பு ஒரு கப் குடித்தால் மந்தம் விலகும் என்பது அனுபவிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வெயிட் குறையுமா, குறையாதா?

எல்லோரும் ஸ்க்ரோல் பண்ணி வந்து நிற்கிற இடம் இதுதானே!

உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் ‘காக்ரேன்’ அமைப்பு, 2012-ல் க்ரீன் டீ - உடல் எடை பற்றிய 18 பரிசோதனைகளை ஆராய்ந்தது. மொத்தம் 1,945 பேர். முடிவு என்ன தெரியுமா? ஜப்பானுக்கு வெளியே நடந்த பரிசோதனைகளில் எடை இழப்பு மிக மிகச் சொற்பம், கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. குறைந்த எடை திரும்ப ஏறாமல் தடுக்கவும் பெரிதாக உதவவில்லை.

அப்படியானால் ‘எனக்கு க்ரீன் டீயால் 3 கிலோ குறைஞ்சுது’ என்று ஃப்ரெண்டு சொல்வது பொய்யா? பொய் இல்லை. சர்க்கரை டீயை நிறுத்தி, பஜ்ஜியைக் குறைத்து, கொஞ்சம் நடந்திருப்பார். பாராட்டு மட்டும் க்ரீன் டீக்குப் போய்விட்டது. ‘தொப்பையை மட்டும் கரைக்கும்’ என்பதற்கும் ஆதாரம் இல்லை.

புற்றுநோய் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். 2020-ல் காக்ரேன் 142 ஆய்வுகளை அலசியது. 11 லட்சம் பேருடைய தகவல்கள். க்ரீன் டீ புற்றுநோயைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. ‘கேன்சர் வராமல் தடுக்கும்’ என்ற ஃபார்வர்டை அடுத்த குரூப்புக்கு அனுப்பும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கவனம்... இது ரத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல்! வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் வசதியோடு பிரமாண்டக் குடியிருப்பு திறக்கப்பட்டது நினைவிருக்கும். அவ்வளவு இளம் பெண்கள் வீட்டைவிட்டு வந்து இந்தப் பகுதியில் வேலை பார்க்கிறார்கள். மாநிலக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ரூமை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நாலு கட்டில் என்றால் ரெண்டு பேருக்கு ரத்தம் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

இதற்கும் க்ரீன் டீக்கும் என்ன சம்பந்தம்? டீயில் இருக்கும் கேட்டசின்களும் டேனின்களும் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு அதை உறிஞ்ச முடியாது. குறிப்பாக கீரை, பருப்பு, கேழ்வரகு போன்ற தாவர உணவுகளில் உள்ள இரும்புச்சத்துதான் அதிகம் பாதிக்கப்படும். மதியம் முருங்கைக்கீரை சாப்பிட்டுவிட்டு, கையோடு ஒரு கப் க்ரீன் டீ குடித்தால், கீரை தந்ததில் ஒரு பகுதியை டீ தடுத்துவிடும். க்ரீன் டீ மட்டும் அல்ல, பால் டீ, காபிக்கும் இதே கதைதான்.

அதனால்தான் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

இதோடு ‘டிபனுக்குப் பதிலா க்ரீன் டீ’ பழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சாப்பாட்டிலிருந்து வர வேண்டிய இரும்புச்சத்தே முதலில் வரவில்லை. வந்ததையும் டீ தடுக்கிறது. மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, எட்டு மணி நேரம் நின்றால் கால் துவண்டுபோவது, முடி கொட்டுவது... இதெல்லாம் ரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். ‘அசதியா இருக்கு’ என்று இன்னொரு கப் டீ போடுவதற்கு முன்னால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைதான். ரெடியாக ஒரு நம்பர் கையில் இருக்கும்.

என்ன செய்யலாம்?

* சாப்பாட்டுக்கும் க்ரீன் டீக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
* இரும்புச்சத்து மாத்திரையை எக்காரணம் கொண்டும் டீயோடு விழுங்காதீர்கள். தண்ணீர்தான் சரி. எலுமிச்சை ஜூஸ் என்றால் இன்னும் நல்லது.
* சாப்பாட்டோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேருங்கள். வைட்டமின் சி இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும்.
* வெறும் வயிற்றில் க்ரீன் டீ வேண்டாம். சிலருக்குக் குமட்டல், நெஞ்செரிச்சல் வரும். முதலில் ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

எந்த ஷிப்ட்டுக்கு எப்போ குடிக்கலாம்?

காஃபீன் குடித்தவுடன் உடம்பைவிட்டுப் போய்விடாது. குடித்ததில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு அதிக அளவு காஃபீன் எடுத்துக்கொண்டவர்களுக்குக்கூட, தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் கொடுத்தது 400 மில்லிகிராம், பல கப் க்ரீன் டீக்குச் சமம். ஆனால் ஏற்கெனவே தூக்கம் தொலைத்த ஷிப்ட்காரர்களுக்கு அந்த 6 மணி நேரக் கணக்கு நல்ல பாதுகாப்பு எல்லை.

கீழே உள்ளது ஒரு மாதிரி அட்டவணைதான். உங்கள் கம்பெனி நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

* காலை 6 - மதியம் 2: டிபன் முடித்து ஒரு மணி நேரம் கழித்து வரும் பிரேக்கில் ஒரு கப். மாலை 4 மணிக்குள் இன்னொரு கப். அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் விடிகாலையில் எழ வேண்டுமே!
* மதியம் 2 - இரவு 10: காலை 11 மணிவாக்கில், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கப். மாலை 5 மணி பிரேக்கில் ஒரு கப். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம்.
* இரவு 10 - காலை 6: ஷிப்ட் ஆரம்பத்தில் ஒரு கப், 12.30 மணிவாக்கில் இன்னொரு கப், நடுவில் சாப்பாடு இருந்தால் இடைவெளியோடு. காலை 8 மணிக்குப் படுப்பவர் என்றால் 2 மணிக்கு மேல் காஃபீனே வேண்டாம். விடிகாலை 4 மணிக்குக் கண் சொக்கும்தான். அப்போது குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், பிரேக்கில் கொஞ்சம் நடங்கள். 4 மணி டீ கொடுக்கும் ஒரு மணி நேர விழிப்பை, காலைத் தூக்கத்தில் வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

ஒரு முக்கியமான விஷயம். எந்த டீயும் தூக்கத்துக்கு மாற்று இல்லை. மெஷின் முன்னால் நிற்பவருக்கும், ஷிப்ட் முடித்து பைக்கை முறுக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுபவருக்கும் இது உயிர்ப் பிரச்னை.

ஒரு நாளைக்கு எத்தனை கப்?

ஆரோக்கியமானவர்களுக்கு 2 முதல் 3 கப் தாராளம். ஒரு நாளைக்கு மொத்த காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.சி.எம்.ஆர் வழிகாட்டி. அதன்படி 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 - 120, இன்ஸ்டன்ட் காபியில் 50 - 65, டீயில் 30 - 65 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. க்ரீன் டீ கப்புகளை மட்டும் எண்ணாமல், இடையில் குடிக்கும் காபி, பால் டீ, எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

யாரெல்லாம் டாக்டரைக் கேட்க வேண்டும்?

* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். கர்ப்ப காலத்தில் மொத்த காஃபீன் 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது.
* ரத்தசோகைக்குச் சிகிச்சை எடுப்பவர்கள்.
* ரத்தம் உறையாமல் இருக்க ‘வார்ஃபரின்’ எடுப்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கு ‘நாடோலால்’ எடுப்பவர்கள். இந்த மருந்துகளின் வேலையை க்ரீன் டீ பாதிக்கக்கூடும்.
* தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள். காலை மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள், டீயைத் தள்ளிப்போடுங்கள்.
* படபடப்பு, தூக்கமின்மை, அல்சர் தொல்லை இருப்பவர்கள்.

மாத்திரை, கேப்சூல் பக்கம் போகாதீங்க!

‘30 கப் க்ரீன் டீயின் சக்தி ஒரே கேப்சூலில்’ என்ற ரீதியில் விளம்பரங்கள் வரும். கப்பில் குடிப்பதும், சாற்றைச் செறிவாக்கி விழுங்குவதும் ஒன்றல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதை ஆராய்ந்தது. வழக்கமாகக் குடிக்கும் க்ரீன் டீ பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் தினமும் 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இ.ஜி.சி.ஜி தரும் சப்ளிமென்ட்கள் கல்லீரலைப் பாதிக்கும் அறிகுறிகளோடு தொடர்புடையவை என்றது. எடை குறைப்பதற்காகக் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

கசக்காமல் போடுவது எப்படி?

‘க்ரீன் டீயா, கஷாயம் மாதிரி இருக்கும்’ என்பவர்கள் பெரும்பாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றியவர்கள். இப்படிச் செய்து பாருங்கள்:

* தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நிறுத்தி, 3 முதல் 5 நிமிடம் ஆறவிடுங்கள்.
* ஒரு கப்புக்கு ஒரு டீ பேக் அல்லது ஒரு சின்ன ஸ்பூன் இலை. 2 முதல் 3 நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினால் கசப்புதான்.
* டீ பேக்கைப் பிழியாதீர்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள்.
* சுவைக்கு எலுமிச்சை, புதினா, இஞ்சி சேர்க்கலாம். ‘தேன் சேர்த்தா ஹெல்த்தி’ என்று ரெண்டு ஸ்பூன் ஊற்றினால், மிச்சப்படுத்திய சர்க்கரை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.
* சுடச்சுட ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானத்தையும் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு எச்சரித்தது. பத்து நிமிட பிரேக் என்றாலும், கொஞ்சம் ஆற்றிக் குடியுங்கள்.

வாங்கும்போது

பாட்டிலில் வரும் குளிர்ந்த க்ரீன் டீக்களில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ எவ்வளவு என்று லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சில பாட்டில்கள் பெயரில்தான் க்ரீன் டீ, குணத்தில் கூல்டிரிங்க். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், காலாவதி தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஸ்லிம்மிங்’ என்று எழுதி வேறு மூலிகைகள் கலந்து விற்கும் பாக்கெட்டுகளில் பேதி மருந்தாகப் பயன்படும் நிலாவாரை இலை இருக்கலாம். வயிறு போவதால் தராசில் காட்டும் எடை குறையலாம், உடலில் குறைவது தண்ணீர்தான்.

மொத்தத்தில், க்ரீன் டீ மருந்து அல்ல. சர்க்கரை டீக்கு ஒரு நல்ல மாற்று. நாலு டீயில் ரெண்டை மாற்றுங்கள், சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு கப்பைக் கவிழ்த்துவிடுங்கள். இந்த வாரம் ஆஃப் கிடைக்கும்போது, ரூம்மேட்டையும் அழைத்துக்கொண்டு போய் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். நம்பர் குறைவாக இருந்தால், டப்பாவில் இருக்கும் டீ பேக்கை அல்ல, டாக்டர் தரும் மாத்திரையையும் தட்டில் இருக்கும் கீரையையும் நம்புங்கள்.